ராணுவத் தளம் மூடப்படாமல் காப்பது எப்படி? எல்ஸ்வர்த் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எந்த ஊரில் ராணுவத் தளம் இருக்கலாம், எங்கே வேண்டாம் என்று முடிவு செய்வது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு. மாநிலங்களுக்கு அதில் ஓட்டு கிடையாது. அப்படியிருந்தும் 2005-இல் தெற்கு டகோட்டா என்ற சின்ன மாநிலம், மூடும் பட்டியலில் ஏறிவிட்ட தன் விமானப்படைத் தளத்தைப் பட்டியலிலிருந்து இறக்கிக் காட்டியது. இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தளம் தப்பித்த கதையைவிட, தப்பித்த பிறகு அந்த மாநிலம் பொறுமையாகச் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எல்ஸ்வர்த் எங்கே இருக்கிறது? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில், ராபிட் சிட்டி நகரத்துக்குக் கிழக்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தளத்தின் வாசலிலேயே பாக்ஸ் எல்டர் என்ற சிற்றூர். நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையும் அந்தப் பக்கம்தான். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல், குண்டுவீச்சு விமானக் குழுவினருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய இடம் இது. 1953-இல் நியூஃபவுண்ட்லாந்தில் விமான விபத்தில் இறந்த தளபதி ரிச்சர்ட் எல்ஸ்வர்த்தின் பெயரை அதே ஆண்டு இந்தத் தளத்துக்கு வைத்தார்கள். விழாவுக்கு ஜனாதிபதி ஐசனோவரே வந்திருந்தார்.

பனிப்போர்க் காலத்தில் சுற்றியுள்ள புல்வெளியில் 150 மினிட்மேன் அணு ஏவுகணைகள் மண்ணுக்கடியில் தயாராக நின்றன. 1990-களில் அவற்றை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை பி-1 குண்டுவீச்சு விமானங்கள். 2005-இல் அமெரிக்காவிடம் இருந்த 67 பி-1 விமானங்களில் ஏறத்தாழ பாதி எல்ஸ்வர்த்தில் நின்றன, மீதியில் பெரும்பகுதி டெக்சஸ் மாநிலத்தின் டையஸ் தளத்தில். தெற்கு டகோட்டாவின் மக்கள்தொகை அப்போது எட்டு லட்சத்தைத் தொடவில்லை. அவ்வளவு சிறிய மாநிலத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் இடங்களின் வரிசையில் எல்ஸ்வர்த் இரண்டாவதாக இருந்தது. ஒரு பெரிய மாநிலம் ஒரு தளத்தை இழந்தால் அது செய்தி. இங்கே அப்படியில்லை, ராபிட் சிட்டியில் வாடகைக்கு வீடு விட்டவர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எல்லோர் வீட்டிலும் அது தெரிந்திருக்கும்.

பிராக் என்கிறார்களே, அது என்ன?

ராணுவத் தளங்களை மூடவும் இடம் மாற்றவும் அமெரிக்கா வைத்திருக்கும் முறையின் சுருக்கப் பெயர். இதுவரை 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகள் நடந்திருக்கின்றன. முதல் நான்கு சுற்றுகளில் மட்டும் 97 பெரிய தளங்கள் மூடப்பட்டன.

முறை இதுதான். பாதுகாப்புத் துறை அமைச்சர் ஒரு பட்டியல் கொடுப்பார். அதை ஒரு சுயேச்சையான ஆணையம் ஆராயும். 2005-இல் அதில் ஒன்பது உறுப்பினர்கள் இருந்தார்கள், தலைவர் ஆந்தனி பிரின்சிபி. ஆணையம் தளங்களுக்கு நேரில் போகும், ஊர்களில் விசாரணை வைக்கும், பட்டியலில் இருந்து சிலவற்றை நீக்கும், சிலவற்றைச் சேர்க்கவும் செய்யும். இறுதிப் பட்டியலை ஜனாதிபதி மொத்தமாக ஏற்கலாம் அல்லது மொத்தமாகத் திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றமும் 45 நாட்களுக்குள் மொத்தமாக நிராகரித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அது சட்டமாகிவிடும். 'எங்கள் ஊர் தளத்தை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று நடுவில் கைவைக்க யாருக்கும் வழியில்லை.

இப்படி ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? நேராக மூடிவிட வேண்டியதுதானே?

அப்படித்தான் முன்பு செய்தார்கள். 1960-களில் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் விருப்பப்படி தளங்களை மூடியது. தொகுதியில் தளம் வைத்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஆளுங்கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களைத் தண்டிக்கவே மூடுகிறார்கள் என்ற சந்தேகமும் கிளம்பியது. 1977-இல் ஒரு சட்டம் வந்தது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு நடத்த வேண்டும் என்று அது நிபந்தனைகளை அடுக்கியதில், அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பெரிய தளம் ஒன்றைக்கூட மூட முடியவில்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் டெக்சஸைச் சேர்ந்த உறுப்பினர் டிக் ஆர்மி, முடிவை ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். யார் தளம் போனாலும் பழி ஆணையத்துக்கு. உறுப்பினர்களுக்கும் அது வசதியாக இருந்தது.

2005 மே 13 அன்று என்ன நடந்தது?

அன்று அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் வெளியிட்ட பட்டியலில் மூட வேண்டிய பெரிய தளங்கள் 33. எல்ஸ்வர்த் அதில் இருந்தது. அங்குள்ள பி-1 விமானங்களை டையஸுக்கு அனுப்பி, எல்லா பி-1 விமானங்களையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் திட்டம். இருபது ஆண்டுகளில் 180 கோடி டாலர் மிச்சமாகும் என்று பென்டகன் கணக்குக் காட்டியது.

இதில் ஓர் அரசியல் வலியும் இருந்தது. 2004 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜான் துன், செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்த டாம் டாஷெலை வெறும் 4,508 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார். ஜனாதிபதி புஷ்ஷின் கட்சிக்காரர் என்பதால் எல்ஸ்வர்த்தைக் காப்பாற்ற தன்னால் முடியும் என்பது அவருடைய பிரசாரத்தில் ஒரு முக்கியமான பேச்சு. ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் எல்ஸ்வர்த் வந்து நின்றது.

அப்புறம் மாநிலம் என்ன செய்தது? வேலை போய்விடும் என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்த விஷயத்தில் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

தளங்களை எடைபோட எட்டு அளவுகோல்கள் உண்டு. முதல் நான்கும் ராணுவப் பயன்பாடு பற்றியவை, சட்டப்படி அவற்றுக்கே முன்னுரிமை. உள்ளூர்ப் பொருளாதாரம் பின்னால் நிற்கும் நான்கில் ஒன்று. ஆணையம் ஒரு தளத்தைப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டுமென்றால், பென்டகன் இந்த அளவுகோல்களிலிருந்து கணிசமாக விலகிவிட்டது என்று தீர்மானிக்க வேண்டும். ஆக, 'எங்களுக்கு இந்தத் தளம் வேண்டும்' என்று மாநிலம் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அது பாதி வாதம்தான். 'உங்களுக்கு இந்தத் தளம் வேண்டும், நீங்கள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள்' என்று காட்டினால்தான் காரியம் நடக்கும்.

ஜூன் மாதம் ராபிட் சிட்டியில் நடந்த விசாரணைக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கூட்டம் ஆணையத்தின் மனதைத் தொட்டிருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் இருந்தவர்கள் பேசியது வேறு. ஆளுநர் மைக் ரவுண்ட்ஸும், செனட்டர்கள் துன், டிம் ஜான்சனும், கீழவை உறுப்பினர் ஸ்டெஃபனி ஹெர்செத்தும் கட்சி பார்க்காமல் ஒன்றாக நின்றார்கள். (இந்தியாவில் உள்ளதுபோல் அமெரிக்க ஆளுநர் நியமிக்கப்படுபவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர்.) எல்லா பி-1 விமானங்களையும் ஒரே ஓடுபாதையில் அடைத்து வைத்தால் ஒரு சூறாவளியோ ஒரு தாக்குதலோ மொத்தப் படையையும் முடக்கிவிடும் என்றார்கள். டையஸ் விமானங்கள் தாழ்வாகப் பறந்து பயிற்சி எடுக்கும் வான்பகுதியை எதிர்த்து டெக்சஸ் பண்ணையாளர்கள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருந்ததைத் தேடி எடுத்துவந்து வைத்தார்கள். டையஸின் பயிற்சி வசதிக்குப் பென்டகன் மதிப்பெண் போட்டபோது இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வாதம்.

180 கோடி டாலர் மிச்சம் என்ற கணக்கு என்ன ஆனது?

கரைந்துபோனது. எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எல்ஸ்வர்த்தில் வேலை பார்க்கும் ஒரு விமானப்படை வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் மூடப்பட்டால் அவருக்கு வேலை போகாது. வேறு தளத்துக்கு மாற்றல் கிடைக்கும். சம்பளம் அதே சம்பளம், அதே கருவூலத்திலிருந்து வரும். ஆனால் பென்டகனின் கணக்கில், எல்ஸ்வர்த்தில் அவருடைய இடம் காலியானதால் அவர் சம்பளம் முழுக்க 'மிச்சம்' என்ற பக்கத்தில் ஏறிவிட்டது. படையின் மொத்த எண்ணிக்கையைக் குறைக்காதவரை இது கையில் நிற்கும் பணம் இல்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பும் அந்த ஆண்டு இதையே சுட்டிக்காட்டியது. பென்டகன் ஆண்டுதோறும் மிச்சமாகும் என்று சொன்ன தொகையில் 47 சதவீதம் இப்படிப்பட்ட ராணுவப் பணியிடக் கணக்கு.

எல்ஸ்வர்த்தில் இந்தச் சம்பளக் கணக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சமே இல்லை. விமானங்களை டையஸுக்கு மாற்ற அரசுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் கைக்காசு செலவாகும் என்று ஆணையம் கண்டது. 2005 ஆகஸ்ட் 26 அன்று 8-க்கு 1 என்ற ஓட்டில் எல்ஸ்வர்த் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தளத்தைக் காப்பாற்றியது யாருடைய செல்வாக்கு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அந்தக் கணக்கை வரி வரியாகப் படித்துத் தப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கே என் ஓட்டு.

மாநிலம் கோர்ட்டுக்குப் போக முடியாதா?

போனவர்கள் உண்டு. பிலடெல்ஃபியா கடற்படைக் கப்பல் தளத்தை மூடும் முடிவை எதிர்த்து பென்சில்வேனியா செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் உச்ச நீதிமன்றம் வரை போய் தானே வாதாடினார். பிராக் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று 1994-இல் தீர்ப்பு வந்தது. அதோடு அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது.

ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. தேசியக் காவல்படைப் பிரிவுகள் மாநில ஆளுநரின் அதிகாரத்துக்கும் உட்பட்டவை. ஆளுநர் சம்மதம் இல்லாமல் பென்சில்வேனியாவின் வான் காவல்படைப் பிரிவு ஒன்றைக் கலைக்க ரம்ஸ்ஃபெல்டுக்கு அதிகாரம் இல்லை என்று 2005 ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். எல்ஸ்வர்த் போன்ற முழுநேர விமானப்படைத் தளத்துக்கு இந்த வழி உதவாது.

தப்பித்தாகிவிட்டது. அதோடு வேலை முடிந்ததா?

இல்லை. அடுத்த சுற்று வந்தால் மறுபடியும் மதிப்பெண் போடுவார்கள், பலவீனமான இடங்கள் அப்படியே இருந்தால் மறுபடியும் பட்டியல்தான். தெற்கு டகோட்டா இதைப் புரிந்துகொண்டது. 2009-இல் சட்டமன்றம் எல்ஸ்வர்த்துக்கென்றே ஒரு மேம்பாட்டு அமைப்பை உருவாக்கியது. நிலம் வாங்க, கட்டுமானம் செய்ய, கடன் திரட்ட அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. வாஷிங்டனில் போய்ப் பேசுவது அதன் முதல் வேலையாக இல்லை. தளத்தைச் சுற்றி ஊர் எப்படி வளர்கிறது என்று கவனிப்பதுதான் வேலை.

ஊர் வளர்வதில் ராணுவத்துக்கு என்ன கஷ்டம்?

நிறைய. ஓடுபாதையின் நுனியில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்ஸ்வர்த்தின் ஓடுபாதை 4 கி.மீ.க்கும் கூடுதல் நீளம். அது முடியும் இடத்திலிருந்து முதல் 3,000 அடிக்கு எதுவுமே கட்டக் கூடாது, வெறும் புல். அதற்கு அப்பால் 5,000 அடி விபத்து வாய்ப்பு அதிகமுள்ள முதல் மண்டலம், அதற்கும் அப்பால் 7,000 அடி இரண்டாம் மண்டலம். அகலம் 3,000 அடி. மொத்தம் 15,000 அடி, அதாவது ஏறத்தாழ நாலரைக் கி.மீ. நீளத்துக்கு ஒரு கம்பளம் விரித்தது போல. எரிபொருளும் குண்டும் நிறைந்த விமானம் மேலே ஏற முடியாமல் விழுந்தால் பெரும்பாலும் இந்தக் கம்பளத்தின் மேல்தான் விழும்.

இப்போது அந்தக் கம்பளத்தின் மேல் ஒரு குடும்பம் நிலம் வாங்கி வீடு கட்டுகிறது. விலை குறைவு, வேலை பக்கத்தில். யாரையும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு வீடு, ஒரு கடை. பத்து வருஷத்தில் விமானி இரவில் எந்தத் திசையில் ஏறலாம், எத்தனை மணிக்குப் பறக்கலாம் என்று கட்டுப்பாடு வரத் தொடங்கும். அடுத்த முறை பென்டகன் மதிப்பெண் போடும்போது அந்தக் கட்டுப்பாடுகள் தளத்தின் பெயருக்கு எதிரே வரும். பாக்ஸ் எல்டர் பக்கம் இந்த மண்டலங்களுக்குள் வீடுகள் இருந்தன. மேம்பாட்டு அமைப்பு நிலங்களை வாங்கி, அங்கே இருந்தவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் வேலையில் இறங்கியது. ஒரு வீடு, ஒரு பேச்சுவார்த்தை என்று மெதுவாக நடக்கும் வேலை இது.

கழிவுநீர்க் குழாய்க்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் என்ன தொடர்பு?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்தத் தளமும் ஒரு சிற்றூர் மாதிரிதான். அங்கேயும் மக்கள் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பழைய நிலையத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதற்கான பணம் விமானப்படை பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். வெளியே பாக்ஸ் எல்டருக்கும் அதே தலைவலி. இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டுவதற்குப் பதில், மேம்பாட்டு அமைப்பு முன்னின்று தளத்துக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே சுத்திகரிப்பு நிலையம் அமைத்தது.

ஒரு தளத்தை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பதும் பிராக் அளவுகோல்களில் ஒன்று. செலவு குறைந்தால் தளத்தின் மதிப்பெண் ஏறும். தளம் பெரிதாக வேண்டி வந்தாலும், ஊர் வளர்ந்தாலும் இடிக்காது. விழா மேடையில் கைதட்டல் வாங்கும் திட்டம் இல்லை, ஆனால் ஒரு தளம் நிலைத்து நிற்பது இப்படிப்பட்ட வேலைகளில்தான்.

பயிற்சி வான்பகுதி விரிவாக்கம் பற்றியும் பேசுகிறார்களே?

ஆமாம், பவுடர் ரிவர் பயிற்சி வான்பகுதி. முன்பு பி-1 குழுக்கள் பெரிய கூட்டுப் பயிற்சிக்கு நெவாடா, யூட்டா வரை பறந்து போய்வர வேண்டியிருந்தது. பயிற்சி நேரத்தைவிடப் போகவர எரியும் எரிபொருள் கணக்கில் உதைத்தது. 2015-இல் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்த வான்பகுதியை ஏறத்தாழ நான்கு மடங்காக விரிக்க அனுமதித்தது. தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, மான்டானா, வயோமிங் என்று நான்கு மாநிலங்களின் மேல் விரியும் அதன் பரப்பு சுமார் 90,000 சதுர கி.மீ. அமெரிக்கப் பெருநிலத்தின் மேல் உள்ள பயிற்சி வான்பகுதிகளில் இதுவே பெரியது. டையஸுக்கு எதிராக 2005-இல் சொன்ன அதே வாதத்தை, பத்து ஆண்டு கழித்துத் தன் பக்கம் கையில் பிடித்துக்காட்டக்கூடிய சொத்தாக மாற்றிக்கொண்டது எல்ஸ்வர்த்.

இதற்கு விலை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்த வானத்தின் கீழே மாடு மேய்க்கும் பண்ணைக் குடும்பங்கள் இருக்கின்றன. கன்று ஈனும் காலத்தில் தலைக்கு மேல் இடிபோல ஒரு விமானம் போனால் மந்தை சிதறி ஓடும். மருந்து தெளிக்கும் சிறு விமானங்களும் மருத்துவ அவசர விமானங்களும் அதே வானத்தில்தான் பறக்க வேண்டும். மான்டானாவின் பழங்குடி மக்களும் தங்கள் புனித இடங்களுக்காகக் கவலைப்பட்டார்கள். பெரும் பயிற்சிகள் ஆண்டுக்குப் பத்து நாட்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு இந்த எதிர்ப்பின் நடுவில் வந்ததுதான். தளத்தைக் காப்பது எல்லோருக்கும் நல்லது என்று சொல்லும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற மாநிலங்களும் இப்படிச் செய்கின்றனவா?

செய்கின்றன, ஒவ்வொன்றும் தன் வழியில். கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன் நீர்மூழ்கிக் கப்பல் தளமும் 2005 பட்டியலில் இருந்தது. 1993-லேயே ஒருமுறை கப்பல்களை இழக்கும் விளிம்புக்குப் போய் மீண்ட தளம் அது. நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றிய ஒரே ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் அதற்காக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார். தப்பித்த பிறகு கனெக்டிகட் ராணுவ விவகாரங்களுக்கெனத் தனி அலுவலகம் திறந்தது. தளத்துக்குள்ளேயே கட்டுமானங்களை மேம்படுத்த மாநிலப் பணம் 4 கோடி டாலர் ஒதுக்க அனுமதி கொடுத்தது.

வர்ஜீனியாவின் கதை இன்னும் கடுமையானது. அங்கே ஓஷியானா கடற்படை விமானத் தளத்தைப் பென்டகன் பட்டியலில் சேர்க்கவே இல்லை, ஆணையம்தான் இழுத்துக்கொண்டு வந்தது. காரணம், வர்ஜீனியா பீச் நகரம் ஓடுபாதையின் கழுத்து வரை வீடு கட்ட விட்டிருந்தது. அதன் பிறகு மாநிலமும் நகரமும் பாதிப் பாதியாக ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் ஒதுக்கி, விருப்பப்பட்டு விற்பவர்களிடம் விபத்து மண்டல நிலங்களை வாங்கத் தொடங்கின. விட்ட தவறைத் திருத்த எவ்வளவு ஆகிறது பாருங்கள்.

நியூ மெக்சிகோவின் கானன் தளத்துக்குக் கிடைத்தது தவணை. 2009 இறுதிக்குள் புதிய வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் மூடல். 2006-லேயே விமானப்படையின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு அங்கே வர ஒப்புக்கொண்டது.

போராடியும் தோற்றவர்கள் உண்டா?

உண்டு. மெய்ன் மாநிலத்துக்கு ஒரே சுற்றில் இரண்டும் நடந்தது. கிட்டரியில் உள்ள போர்ட்ஸ்மவுத் கப்பல் தளம் தப்பியது. பிரன்ஸ்விக் கடற்படை விமானத் தளத்தைப் பென்டகன் சுருக்கத்தான் சொல்லியிருந்தது. ஆணையம் அதைவிட ஒரு படி மேலே போய் முழுதாக மூடச் சொல்லிவிட்டது. 2011-இல் மூடினார்கள். நியூ ஜெர்சியின் ஃபோர்ட் மன்மவுத்தும் அதே ஆண்டு மூடியது, அதன் வேலைகள் மேரிலாந்துக்குப் போயின. ஆணையத்தை நண்பன் என்று நினைத்துக்கொண்டு போவது ஆபத்து என்பதற்கு பிரன்ஸ்விக் சாட்சி.

தளம் மூடினால் ஊர் செத்துவிடுமா?

எல்லா ஊரும் அப்படியாவதில்லை. டெக்சஸில் பெர்க்ஸ்ட்ரம் தளம் மூடிய பிறகு அதே ஓடுபாதையில் 1999-இல் ஆஸ்டின் நகரத்தின் விமான நிலையம் திறந்தது. பக்கத்தில் வளரும் நகரம் இருந்தால் நிலத்துக்கு வேறு வேலை கிடைக்கும். மெய்னின் வடகோடியில் இருந்த லோரிங் தளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1994-இல் அது மூடியபின் அருகில் இருந்த லைம்ஸ்டோன் ஊர் பெரும்பகுதி மக்களை இழந்தது. எல்ஸ்வர்த் மூடியிருந்தால் ராபிட் சிட்டி சுற்றுலாவைப் பிடித்துக்கொண்டு எப்படியோ சமாளித்திருக்கும் என்று நினைக்கிறேன். பாக்ஸ் எல்டர் பற்றி அப்படிச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மத்திய அரசின் ராணுவத்துக்கு மாநிலம் ஏன் தன் பணத்தைப் போட வேண்டும்?

நியாயமான கேள்வி. மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கொட்டினால், கடைசியில் மத்திய அரசு செய்ய வேண்டிய செலவு மாநிலத்தின் தலையில் விடியும். பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் அது. ஓய்வுபெற்ற தளபதிகளை ஆலோசகர்களாக வைத்து வாஷிங்டனில் காரியம் பார்ப்பதற்குப் போகும் செலவில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் நிலம் வாங்குவதும் குழாய் பதிப்பதும் வேறு. நாளைக்கே தளம் போனாலும் அந்தச் சுத்திகரிப்பு நிலையம் பாக்ஸ் எல்டரில்தான் இருக்கும். எந்தச் செலவு ஊரில் தங்கும், எது தங்காது என்று பார்த்துச் செலவழிக்கும் மாநிலத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுபடியும் பிராக் வருமா?

2005-க்குப் பிறகு ஒரு சுற்றும் நடக்கவில்லை. தேவைக்கு மேல் இடம் இருக்கிறது என்று சொல்லி 2012 முதல் பல ஆண்டுகள் பென்டகன் கேட்டுப் பார்த்தது, ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. 2005 சுற்றின் கணக்கும் ஒரு காரணம். 2,100 கோடி டாலரில் முடியும் என்று சொன்னது ஏறத்தாழ 3,500 கோடியில் போய் நின்றது, இருபது ஆண்டு மிச்சம் என்று சொன்ன சுமார் 3,560 கோடி 990 கோடியாகச் சுருங்கியது. ஆனால் சட்டம் போடாமலே ஒரு தளத்தை மெலிய வைக்க முடியும். விமானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறிடம் மாற்றி, புதுக் கட்டடத்துக்குப் பணம் தராமல் விட்டால் போதும். பிராக் வரவில்லை என்று கை கட்டி உட்கார்ந்திருக்கும் மாநிலத்துக்கு இதுதான் பயம்.

எல்ஸ்வர்த் இப்போது எப்படி இருக்கிறது?

2005-இல் மூடப் பார்த்த தளத்தைத்தான் புதிய பி-21 குண்டுவீச்சு விமானத்தின் முதல் தளமாக விமானப்படை தேர்ந்தெடுத்தது. 2019-இல் முதல் அறிவிப்பு வந்தது, சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து 2021-இல் உறுதியானது. குழுவினருக்கான பயிற்சிப் பிரிவும் இங்கேதான். இடம், வானம், ஓடுபாதை எல்லாம் கணக்கில் வந்த தேர்வு அது.

இப்போது பாக்ஸ் எல்டரின் கவலை தலைகீழாக மாறியிருக்கிறது. வருகிற குடும்பங்களுக்கு வீடு வேண்டும், பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும். தள நிலத்துக்குச் சொத்து வரி போட முடியாது என்பதால் அங்குள்ள டக்ளஸ் பள்ளி மாவட்டம் மத்திய அரசின் உதவித் தொகையை நம்பியிருக்கிறது. பழைய தீயணைப்பு நுரையில் இருந்த ரசாயனம் தளத்தைச் சுற்றிய நிலத்தடி நீரில் கலந்ததும், சில வீடுகளின் கிணறுகள் வரை அது போனதும் தனிப் பிரச்சினை. அந்த வீட்டுக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதும் தளத்தைக் காக்கும் வேலையில் சேர்த்திதான். புது வீடுகள் எழும்பும் ஒவ்வொரு மனையும் அந்த 15,000 அடிக் கம்பளத்துக்கு வெளியே இருக்கிறதா என்று வரைபடத்தை விரித்துப் பார்க்கும் வேலையும் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.